குடும்ப நோய் விவரம்: இல்லை

பிரபு,

கீழ்வீட்டில் இருந்துகொண்டு மாடிவீட்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் இந்தச் சேலையூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நடுவில் பதினெட்டுப் படிகள். ஏறி வந்து வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்று காலை அதற்காகத்தான் வந்தேன். நீ சமையலறையில் நின்று அந்தப் புரோட்டீன் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தாய். இன்றோடு ஆறு நாள் ஆகிறது, மூன்று கிலோ இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்ட முடிகிறது பார் என்று எனக்குக் காட்டினாய். உன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. தண்ணீர் மோட்டார் போட்டாயா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, இப்போதுதான் திரும்பினேன். மத்தியானம் இரண்டு மணி. நீ மேலே ஆபீஸ் மீட்டிங்கில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகக் கேட்கிறது.

நாளைக் காலை பதினோரு மணிக்கு உனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். மயக்க மருந்து டாக்டரம்மா பேசுவார். அடுத்த வாரம் புதன்கிழமை நடக்க வேண்டிய ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்பார். ஏன் என்று கேட்பாய். அதற்குக் காரணம் நான். அவர் வாயிலிருந்து நீ அதைக் கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. எனக்கு ரத்தம் கட்டிக்கொள்கிற வியாதி உண்டு. காலில் கட்டி, அங்கிருந்து நகர்ந்து நுரையீரலை அடைத்து, ஒருமுறை சாகக் கிடந்தேன். உன் சித்தப்பா முரளி அதில்தான் செத்தான். இது குடும்பத்தில் ஓடக்கூடிய வியாதி. நூற்று முப்பத்தெட்டுக் கிலோ உள்ள ஒருவனைப் படுக்க வைத்து வயிற்றில் ஆபரேஷன் செய்யும்போது டாக்டர்கள் மிகவும் பயப்படுகிற விஷயங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் அதைக் கேட்டு ஒரு படிவமே வைத்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தை நிரப்பியது நான். குடும்ப நோய் விவரம் என்ற கட்டத்தில், நல்ல பேனாவால், கோணல் இல்லாமல், 'இல்லை' என்று எழுதினேன்.

முரளி சித்தப்பா ஆக்சிடென்டில் பட்ட அடியில் போனார் என்றுதான் உனக்குத் தெரியும். அது பாதி நிஜம். அவன் பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது பைக் சறுக்கிக் கால் உடைந்தது. அவ்வளவுதான், வேறெங்கும் கீறல்கூட இல்லை. மாவுக்கட்டுப் போட்டு நம் வீட்டு ஹாலில்தான் ஐந்து வாரம் படுத்திருந்தான். உனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் விமானம் விமானமாக வரைந்து வைத்தாய், ஞாபகம் இருக்கும். கட்டுப் பிரிக்க நான்கு நாள் இருக்கும்போது, காலையில் காபி குடித்துவிட்டு, கோலை ஊன்றி எழுந்தவன் மூச்சு வாங்குகிறது என்றான். பாத்ரூம் வாசலைத் தாண்டவில்லை. இருபத்தொன்பது வயது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் ஆக்சிடென்டுதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனது. அது ஒரு சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினோராம் நாள் கெண்டைக்கால் வீங்கியது. தாலுகா ஆபீசில் கோப்பு தேங்கிக் கிடக்கிறதே என்று கவலைப்பட்டேனே தவிர, காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்று சாயங்காலமே மூச்சு முட்டி, உன் அம்மா ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தேன். அப்பாவுக்கு ஐதராபாத்தில் டிரெய்னிங் என்று உன்னிடம் சொல்லச் சொன்னது நான்தான். சித்தப்பா விழுந்ததை நேரில் பார்த்தவன் நீ. அதன்பிறகு ஒரு வருஷம் விளக்கில்லாமல் தூங்காதவன். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னோம். அந்த ஒரு பொய்க்காக என்னை நீ கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பின்னால் சொன்னவைதான் கணக்கில் வரும்.

சடகோபன் மாமாவை நினைவிருக்கிறதா? மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி எழும்பூர் போய் நான் பார்த்துவிட்டு வருகிற என் பழைய சிநேகிதர். அப்படி ஒரு ஆள் கிடையாது. வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அளவு சரியாக இருக்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குத்தான் எழும்பூர். தாம்பரத்தில் எடுத்தால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். உன் அம்மா இதில் எனக்குக் கூட்டு. உன் கண் முன்னாலேயே சடகோபனுக்கு என்று முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள், முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. லேபில் ரத்தம் எடுக்கிற பெண் பதினைந்து வருஷமாக நம் வீட்டு முறுக்கைச் சாப்பிடுகிறாள். உன் கல்யாணப் பத்திரிகையை முதலில் சடகோபன் மாமாவுக்கு வை என்று நீ சொன்னபோது, அந்த மாதம் அவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறார் என்று ஒரே நொடியில் அவரை விமானம் ஏற்றினேன். பொய்யில் எனக்கு அவ்வளவு கைதேர்ச்சி வந்திருந்தது. அலமாரியில் இருக்கிற வைட்டமின் டப்பாவில் இருப்பதும் வைட்டமின் இல்லை.

கீரை விஷயமும் அதுதான். அந்த மாத்திரை சாப்பிடுகிறவன் திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிடக் கூடாது, மாத்திரையின் வேலை கெட்டுவிடும். உன் தட்டில் மட்டும் கீரையை மலைபோல் வைத்துவிட்டு, நான் தொடாமல் இருப்பேன். "அப்பா சாப்பிட மாட்டார், எனக்கு மட்டும் அட்வைஸ்" என்று பன்னிரண்டு வயதில் நீ சொன்னதற்கு உன்னை எழுப்பி வெளியே அனுப்பினேன். நீ சொன்னது சரி. பதில் சொல்ல முடியாததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அந்த வயதில் இருந்துதான் உனக்கு உடம்பு ஏற ஆரம்பித்தது. நான் அதை எப்படிக் கையாண்டேன் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும். முப்பத்தாறு வருஷம் தாலுகா ஆபீசில் பதிவேடு எழுதியவன் நான். எதையும் எழுதி வைத்தால் அடங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னை எடை மிஷினில் நிறுத்தி, ஹாலில் தொங்கும் மாதக் காலண்டரில் சிவப்பு மையால் கிலோவைக் குறித்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் முகூர்த்த நாள் பார்க்கிற சாக்கில் உன் எடையைப் படித்தார்கள். போன மாதத்தைவிட ஒன்றரை கூட என்று கணக்குச் சொன்னார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள், நானும் சிரித்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காணாமல் போக ஆரம்பித்தாய். சோம்பேறி, எடை பார்க்கப் பயந்து ஓடுகிறான் என்று அதையும் உன் மேல்தான் எழுதினேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் டயட்டீஷியன் பெண் உன்னிடம் எந்த வயதில் எவ்வளவு எடை இருந்தீர்கள், தோராயமாகச் சொன்னால் போதும் என்று கேட்டாளே, அன்று நான் உன் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு வயசு ஜூன் மாசம் ஐம்பத்தொன்பது, தீபாவளிக்கு அறுபத்து மூணரை, பதினாலு வயசு பொங்கலுக்கு எழுபத்தெட்டு என்று நீ நிறுத்தாமல் ஒப்பித்தாய். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை சார் என்று அவள் ஆச்சரியப்பட்டாள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டைக்காய், அவரைக்காய், கொத்தவரங்காய். அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் விஷயத்தில் எனக்குப் புத்தி வந்ததும் அந்த நாலு மாதத்தில்தான். அதுவரை இது வாய்க்கட்டுப்பாடு இல்லாதவன் சமாசாரம் என்றுதான் நினைத்தேன். கொள்ளுக் கஞ்சி, சுரைக்காய்ச் சாறு, வெந்நீரில் எலுமிச்சை, இடுப்பில் கட்டுகிற அதிர்வு பெல்ட் என்று எத்தனை செய்தாய். இருபது கிலோ குறைத்துவிட்டு, ஒரு வருஷத்தில் இருபத்தைந்து ஏறி நின்றாய். வாரம் ஒரு ஊசி போட்டுப் பார்த்தாய், வாந்தி நிற்காமல் ஆபீசில் மயங்கி விழுந்தாய். குறைத்த எடையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளத்தான் உடம்பு பாடுபடும், பசியைக் கூட்டும், சக்திச் செலவைக் குறைக்கும், இது சோம்பேறித்தனம் இல்லை, நீண்ட நாள் வைத்தியம் தேவைப்படுகிற ஒரு நோய் என்று அந்த சர்ஜன் சொன்னபோது, நீ குனிந்து கண்ணைத் துடைத்தாய். முப்பத்து நாலு வயதில் ஒருவர் அதை உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்லீப் ஸ்டடியில் நீ தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. சர்க்கரை வந்துவிட்டது, கல்லீரலில் கொழுப்பு. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் என்று முடிவானது. நீ அதை நம்பி, நாளை எண்ணிக்கொண்டு, கல்லீரல் சுருங்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன பதினைந்து நாள் கணக்கில் வெறும் திரவத்தில் இருக்கிறாய். எதிர்வீட்டில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாய். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டே அந்தப் படிவத்தில் எப்படிப் பொய் எழுத முடிந்தது என்று நீ கேட்பாய். அதற்கு உன் கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஏழு இடத்தில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒருவர்கூடப் பிறகு சொல்லவில்லை. ஒரு வீட்டில் பையன் இன்னும் கொஞ்சம் இளைத்தால் பார்க்கலாம் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எட்டாவதாக அஸ்தினாபுரத்திலிருந்து நித்யாவின் அப்பா வந்தார். நல்ல மனுஷர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைக்கத் தெரியாது. உடம்பு பெரிசா இருக்கறது எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு, குடும்பத்தில் வேறே ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். எனக்கு பி.பி. கூடக் கிடையாது என்றேன். தம்பி ஆக்சிடென்டில் போனான் என்றேன். உன் எடை ஒன்றே அவர்கள் பொறுத்துக்கொண்ட குறை. அதற்கு மேல் இன்னொன்றை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் கிளம்பிப் போனதும் என் டிஸ்சார்ஜ் கடிதம், ஸ்கேன், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்துச் சுக்கு நூறாகக் கிழித்தேன். கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தில் யார் கையிலாவது அகப்பட்டுவிடக் கூடாதே என்று. ஆபீசில் ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழிக்காதவன், என் உயிர் பிழைத்த காகிதத்தைக் கிழித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குப் போனோம். ஆட்டோவில் உனக்கு வசதிப்படாது என்று சம்பந்தி தன் காரில் நம்மை அழைத்துப் போனார். எக்கோ, எண்டாஸ்கோபி, நுரையீரல் ஊதிப் பார்ப்பது என்று நீ ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டிருந்தாய். படிவத்தை நர்ஸ் என் கையில் கொடுத்தாள். படிவம் என்றால் எனக்குக் கை தானாக நீளும், உனக்குத் தெரியும். நெருங்கிய உறவில் யாருக்காவது கால் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டு, ஆபரேஷனுக்குப் பின் திடீர் மரணம் என்று அச்சடித்திருந்தது. பக்கத்து நாற்காலியில் சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார். நான் 'இல்லை' என்று எழுதினேன். பொய் சொல்கிறோம் என்ற நடுக்கம்கூட வரவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லி வந்த பதில், பேனாவிலிருந்து இறங்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மயக்க மருந்து டாக்டரம்மா கெட்டிக்காரர். காகிதத்தை நம்பாமல் உன்னிடம் வாய் வார்த்தையாகவும் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்:

"எங்க ஃபேமிலில யாருக்கும் ஒண்ணும் இல்ல டாக்டர். அப்பாவுக்கு இந்த வயசுலயும் பி.பி. கூடக் கிடையாது. வெயிட் பிராப்ளம் எனக்கு மட்டும்தான்."

சம்பந்தி தலையாட்டினார். நித்யா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்க எனக்கு அங்கே இடம் இருந்தது, பிரபு. டாக்டர் என்னைத்தான் பார்த்தார், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா சார் என்று. இல்லை என்றேன். குடும்பத்தில் குறை உள்ளவன் தான் ஒருவன்தான் என்று என் மகன் சொல்லிக்கொண்டிருக்கும்போது, குறையை அவனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லை என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நித்யா கீழே வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த குறிப்புகளை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். ஆபரேஷன் அன்றே எழுந்து நடக்க வைக்க வேண்டும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், முதலில் திரவம், பிறகு மசித்தது, புரதம் முக்கியம், வைட்டமினை வாழ்நாள் முழுக்க விடக் கூடாது என்று வரிசையாகப் படித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில், கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று படித்துவிட்டு, "மாமா, இதுக்கு மட்டும் நீங்க பொறுப்பு. தினம் அவர் காலை நீங்க பாருங்க. நான் பதட்டத்துல கவனிக்காம விட்டுடுவேன்" என்றாள். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நித்யா மேலே போன பிறகு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கு நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் போகட்டுமா? முரளி விழுந்தப்ப தூக்கினவ நான். இன்னொரு தடவை என்னால தூக்க முடியாது."

இன்று காலை போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போனதும் நின்றபடியே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அந்தம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். பேனாவை மூடிவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். உங்கள் நோய் சம்பந்தப்பட்ட பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். நான் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. கடைசியில், நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். தந்தை, நாற்பத்திரண்டு வயதில், ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலில் ரத்தக்கட்டு. தந்தையின் தம்பி, இருபத்தொன்பது வயதில், மாவுக்கட்டில் இருந்தபோது, அதே காரணத்தால் மரணம். எத்தனை குடும்பங்களுக்கு இறப்பையும் வாரிசையும் எழுதிக் கொடுத்தவன் நான். என் தம்பி எதனால் செத்தான் என்பதை இன்றுதான் முதல்முறையாக எழுதினேன். அடித்துத் திருத்தி இரண்டு தாள் வீணாயிற்று.

அவர் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்லிவிடுகிறேன். "இது தெரிஞ்சா ஆபரேஷனே கூடாதுன்னு அர்த்தம் இல்ல சார். தெரியாம பண்ணக் கூடாதுன்னு அர்த்தம். தெரிஞ்சா நான் வேற மாதிரி பிளான் பண்ணுவேன்." உன்னை ஒரு ரத்த நோய் நிபுணர் பார்க்க வேண்டுமாம். உன் கால்களை ஸ்கேன் செய்வார்கள், ரத்தத்தில் சில சோதனைகள் பார்ப்பார்கள். என் ரத்தத்தையும் கேட்டிருக்கிறார்கள். நான் மாத்திரை சாப்பிடுவதால் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று அந்த நிபுணர் சொல்வாராம். உனக்கு அந்தத் தன்மை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எவ்வளவு, வீட்டுக்கு வந்த பிறகும் எத்தனை நாள் என்பதெல்லாம் மாறும். ஆபரேஷன் வேண்டுமா, வேறு மருந்தோடு இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா என்பதையும் மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாம் முடிய மூன்று நாலு வாரம் ஆகலாம். நீ பட்ட ஆறு நாள் பட்டினி வீணாயிற்றே என்று கேட்டேன். திரவ உணவை நிறுத்துவதா வேண்டாமா என்பதை டயட்டீஷியன் சொல்வார், அதுவரை நீயாக எதையும் மாற்ற வேண்டாம் என்றார். இதை மட்டும் மறந்துவிடாதே.

உங்கள் மகனுக்கு இன்றே தெரிய வேண்டும், அதை உங்கள் வாயால் சொல்வதுதான் நியாயம், நாளை பதினோரு மணிக்கு நான் போன் செய்வேன் என்று சொல்லி அனுப்பினார். வாயால் முடியவில்லை. கையெழுத்துதான் எனக்குத் தெரிந்த ஒரே தைரியம்.

மூன்று நாலு வாரம் என்பது உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆபீசில் லீவு சொல்லியிருக்கிறாய், நித்யா ஸ்கூலில் லீவு கேட்டு வாங்கியிருக்கிறாள். அதைவிட, ஆபரேஷன் வேண்டாம் என்று உனக்குள் ஒரு பயம் இருந்ததும், அதைத் தாண்டி வந்துதான் நீ சரி என்றதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்து, எனக்கு ஒன்றும் வேண்டாம், இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நீ சொல்லிவிடுவாயோ என்பதுதான் இப்போது என் கவலை. அப்படிச் செய்துவிடாதே. என்னை நம்பாதே, அது வேறு. அந்த டாக்டரை நம்பு. காகிதத்தில் 'இல்லை' என்று பார்த்த பிறகும் உன் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டவர் அவர்.

அஸ்தினாபுரத்துக்கு நானே போகிறேன். இந்தத் தாளை மடித்து உன் அம்மாவிடம் மேலே கொடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீட்டில் இருப்பேன். அன்று அவர் நேராகக் கேட்டார், நான் வளைத்துப் பதில் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன பொய்யை நீ போய்த் திருத்துவது முறையில்லை. அவர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நித்யாவிடம் நீ சொல். நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதன் ரத்தத்திலும் இது வரலாம், அதனால் அவளுக்கு முழுதாகத் தெரிய வேண்டும். எங்கப்பா ஏமாற்றிவிட்டார் என்றே சொல், மழுப்ப வேண்டாம். அவள் என்னிடம் பேசாமல் இருந்தால் அதுவும் சரிதான்.

ஒன்றை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நேற்று வரை, உன்னை எதற்குத் தயார் செய்கிறார்கள் என்று தெரிந்தும், என் தம்பிக்கு என்ன ஆனது என்று தெரிந்தும், நான் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். ஒருநாள்கூட விழித்துக்கொண்டு கிடக்கவில்லை. சம்பந்தி முன்னால் மானம் போகாமல் தப்பித்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பெற்ற பிள்ளையின் உயிருக்கு மேலே அதை வைத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை, நீ கொடுக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குள் நான் திரும்பிவிடுவேன். டி.வி. போட மாட்டேன், உன் அம்மாவையும் குறுக்கே வர வேண்டாம் என்று சொல்லிவைக்கிறேன். வந்து உன் மனசில் இருப்பதை எல்லாம் கேள். எவ்வளவு நேரமானாலும் எழுந்து போகாமல் இருக்கிறேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்டு, பிரபு. நின்றுகொண்டு திட்டினால் உனக்கு மூச்சு வாங்கும்.

அப்பா